முறுக்கு இன்னும் சாப்பிடலை

இதுவா? காலி டப்பா, அம்மிணி. மூடியில ஓட்டை ஓட்டையா இருக்கேன்னு பார்க்கறியா? மூச்சு விடறதுக்குப் போட்டது. மடியில வச்சுக்கறேன், நீ காலை நீட்டி நல்லா உட்காரு.

காலைல இதே டப்பாவுக்குள்ள ஒரு பாம்பு இருந்துச்சு.

அட, எந்திரிக்காத கண்ணு. இப்போ இல்ல. கோயமுத்தூர்ல கொடுத்துட்டுத்தான் வர்றேன். போகும்போதும் இப்படித்தான். கரூர்ல ஏறி மடியில வச்சது, சிங்காநல்லூர் வரைக்கும் இறக்கலை. கண்டக்டர் கேட்டான், டப்பாவுல என்னம்மான்னு. முறுக்குன்னு சொன்னேன். பொய் இல்ல. அதுக்குப் பேரே முறுக்குதான். என் மருமக வச்ச பேரு.

நீ எங்க இறங்கணும்? காங்கேயமா? அப்போ நேரம் இருக்கு.

விஷப்பாம்பெல்லாம் இல்ல. வெளிநாட்டு ஜாதி. மலைப்பாம்புலயே சின்ன இனமாம். பயந்துச்சுன்னா தலையை உள்ள வச்சுக்கிட்டு பந்து கணக்கா சுருண்டுக்கும். வந்த அன்னைக்கு சிந்துஜா குனிஞ்சு பார்த்துட்டு, "அத்தை, கை முறுக்கு மாதிரி இல்ல?"ன்னா. அதுல இருந்து முறுக்கு. சிந்துஜாதான் என் மருமக.

வாங்கிட்டு வந்தது என் பையன். பரிதி. பெங்களூர்ல இதையெல்லாம் வளர்த்து விக்கிற ஆள் ஒருத்தர் இருக்காராம். கவர்மென்ட்ல பதிஞ்சு, பேப்பரெல்லாம் வாங்கித்தான் கொண்டு வந்தான். அவன் அப்படித்தான், ஆசைப்பட்டா உடனே வேணும். சின்ன வயசுல லவ் பேர்ட்ஸ். அப்புறம் மீன் தொட்டி. அப்புறம் ஒரு நாய். எல்லாத்தையும் அவ்வளவு ஆசையா வாங்குவான். தீனி வச்சது நான். அவங்கப்பா பஸ் பாடி கட்டற பட்டறையில இருந்தவரு, இவன் பத்தாவது படிக்கறப்பவே போயிட்டாரு. ஒத்தப் பையன். கேட்டா இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. தங்கமான பையன் அம்மிணி. இப்பவும் சொல்றேன்.

பாம்பு வந்த மாசமே அவனுக்கு ஹாலந்துல வேலைன்னு கூப்பிட்டுட்டாங்க. கம்ப்யூட்டர் வேலை. ஆறு மாசத்துல வந்துருவேன், இல்லைன்னா சிந்துவை அங்க கூப்பிட்டுக்கறேன்னான். கிளம்பும்போது என்கிட்ட, "அம்மா, முட்டி வலிக்கு மாத்திரை போடு"ன்னான். அவகிட்ட, "முறுக்கைப் பார்த்துக்க"ன்னான். அவ்வளவுதான். வாசல்ல கார் நின்னுச்சு.

அவன் போனதுல இருந்து அது சாப்பிடலை.

எனக்கு முதல்ல அந்த ரூமுக்குள்ள போறதுக்கே ஒடம்பு கூசும். ஆனாலும் வீட்டுல ஒரு உசுரு பட்டினி கிடந்தா நமக்கு எப்படிச் சோறு இறங்கும்? ஒரு வெள்ளிக்கிழமை குளிச்சுட்டு, தட்டுல பால் ஊத்தி, பக்கத்துல ஒரு முட்டையும் வச்சு, கண்ணை மூடிக்கிட்டு டப்பாவுக்குள்ள வச்சுட்டு வந்துட்டேன். சாயங்காலம் சிந்துஜா ஆஸ்பத்திரியில இருந்து வந்து பார்க்கறா, பால் பூராவும் கொட்டிக் கெடக்கு, பாம்பு முட்டையைச் சுத்திப் படுத்திருக்கு. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. "அத்தை, இது பாலும் குடிக்காது, முட்டையும் தின்னாது. எலி மட்டும்தான்." பாலாபிஷேகம் பண்ணுன பாம்புன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அவ சிரிக்கறதைப் பார்த்து நானும் சிரிச்சேன்.

அவ பிசியோதெரபி படிச்சவ. கரூர்லயே ஒரு ஆஸ்பத்திரியில வேலை. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில துண்டு, பெட்ஷீட் செக்கிங் பார்த்தவ. நாள் பூரா நின்ன வேலை, முட்டி ரெண்டும் போயிருச்சு. கல்யாணமாகி வந்த வாரத்துல இருந்து தினமும் காலைல என் காலைத் தூக்கி அவ மடியில வச்சுக்கிட்டு, மடக்குங்க அத்தை, நீட்டுங்க அத்தைன்னு பயிற்சி கொடுப்பா. பெத்த பொண்ணு செய்வாளான்னு தெரியாது. எனக்குப் பொண்ணு இல்லையே, எப்படித் தெரியும்.

எலி கதைக்கு வர்றேன். உசுரோட இல்ல. கண்ணு திறக்காத குஞ்சு எலி, ஐஸ்ல வச்சு விக்கறாங்க. கோயமுத்தூர்ல இருந்து பார்சல்ல வரும். ஃப்ரீசர்ல நான் தேங்காய் துருவி வச்சிருப்பேன், அது பக்கத்துல எலி. முதல் நாள் எனக்கு வாந்தியே வந்துருச்சு. அவ தனியா ஒரு டப்பா வாங்கி, மேல துணியைச் சுத்தி, "பார்க்காம எடுங்க அத்தை"ன்னா. சுடுதண்ணியில போட்டு வெதுவெதுப்பாக்கி, இடுக்கியில புடிச்சு அது மூஞ்சிக்கு முன்னாடி ஆட்டணும். உசுரு இருக்கற மாதிரி. அது நாக்கை ஒரு தடவை நீட்டும். அப்புறம் மூஞ்சியைத் திருப்பிக்கும். சுருண்டுக்கும். அவ மண்டி போட்டு உட்கார்ந்து, கை வலிக்க வலிக்க ஆட்டிக்கிட்டே இருப்பா. எலி ஆறிப் போகும். மறுபடி சுடுதண்ணி.

வாரம் போகப் போக அது இளைச்சுருச்சு. முதுகெலும்பு பாவாடை நாடா மாதிரி மேல தெரிய ஆரம்பிச்சுருச்சு. அவளும் இளைச்சா. தட்டுல போட்ட சோறு அப்படியே இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவா. அழற சத்தம் கேட்கும். ஒரு பாம்புக்காக இப்படியா ஒருத்தி அழுவான்னு எனக்கு ஆச்சரியமா இருக்கும். கதவுக்கு வெளிய நின்னு, "விடு சிந்து, சாப்பிட்டுரும்"னு சொல்லுவேன். உள்ள சத்தம் நின்னுரும்.

பொறவுதான் பரிதி எனக்குப் போன் பண்ணிச் சொன்னான். அவளுக்கும் எனக்கும் ஒத்து வரலைம்மா, அவகிட்ட அப்பவே சொல்லிட்டேன்னான். அங்க ஒரு பொண்ணு இருக்காம். நம்ம பக்கம்தான், மதுரைப் பொண்ணு. ஒண்ணா வேலை பாக்கறாங்க. ஒரே வீட்டுல இருக்காங்க.

திட்டினேன். திட்டாம இருப்பேனா? உன்னைப் பெத்த வயித்துல என்னமோ பண்ணுதுடான்னு சொல்லிப் போனை வச்சுட்டேன். அவன் கூப்பிட்டான், எடுக்கலை. அப்புறம் ஒரு நாள் எடுத்தேன். குரலே இல்ல. சளி புடிச்சு இருமறான். அந்த ஊர்க் குளிரு. நான் என்ன பண்ணட்டும், பெத்த மனசு, மிளகு கஷாயம் வைடான்னு சொல்லிட்டேன்.

சிந்துஜாவோட அப்பா தாராபுரத்துல இருந்து கார் புடிச்சு வந்தாரு, பொண்ணைக் கூட்டிட்டுப் போக. நல்ல மனுசன். ஒரு வார்த்தை தப்பாப் பேசலை. ஹால்ல உட்கார்ந்து காப்பித் தண்ணி கூடக் குடிக்காம தரையையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அவ பெட்டியில துணி அடுக்கறா. எனக்கு வாயில வந்தது இதுதான். "சிந்து, நீ போயிட்டா இது செத்துப் போயிரும். உங்கப்பாவுக்குப் பாம்புன்னாலே ஆகாது, தூக்கிட்டும் போக முடியாது. ஒரு வாய் சாப்பிடட்டும். சாப்பிட்டதும் நீ போ. நான் தடுக்க மாட்டேன்."

அவ கையில ஒரு சேலை இருந்துச்சு. அதைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. அப்புறம் வெளிய போய் அவங்கப்பாகிட்ட, "கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன்ப்பா"ன்னா. அந்த மனுசன் என்னைப் பார்த்தாரு பாரு ஒரு பார்வை. நான் என்ன பாவம் பண்ணினேன்னு அப்படிப் பார்த்தாரு, தெரியலை.

அன்னைக்கே பெங்களூர் ஆளுக்குப் போன் பண்ணினா. ஸ்பீக்கர்ல போட்டதால நானும் கேட்டேன். அவரு சொன்னாரு, குட்டி பயந்து போயிருக்கு. பெரிய டப்பா வேண்டாம், சின்னதா வைங்க. உள்ள ஒளிஞ்சுக்க ஒரு சட்டியைக் கவுத்து வைங்க. அடியில கொஞ்சம் சூடு வேணும். மேல துணி போட்டு மூடிருங்க. யாரும் தொடாதீங்க, திறக்காதீங்க, எட்டிக் கூடப் பார்க்காதீங்க. நாலஞ்சு நாள் கழிச்சு எலியைச் சட்டி வாசல்ல வச்சுட்டு வந்துருங்க, தனியா விட்டா தானே சாப்பிடும்.

தயிர் உறை ஊத்தற மண்சட்டி ஒண்ணு விளிம்பு உடைஞ்சு கெடந்துச்சு. அதைக் கழுவிக் கொடுத்தேன். அந்த உடைஞ்ச இடம் வழியா அது உள்ள போய்ச் சுருண்டுக்கிச்சு. எல்லாம் அவரு சொன்ன மாதிரியே செஞ்சோம்.

நான் தொடலை அம்மிணி. சாமி சத்தியமா கையில எடுக்கலை. அவ வேலைக்குப் போனதும் துணியை விலக்கி ஒரு தடவை பார்ப்பேன். தனியாக் கெடக்குதே, பாவமா இருக்காதா? சமையல் முடிச்சு ஒரு தடவை. மத்தியானம் தூங்கி எழுந்து ஒரு தடவை. சட்டியை லேசாத் தூக்கி, ஒரே ஒரு விரலால முதுகைத் தடவிப் பார்ப்பேன், இன்னும் இளைச்சிருக்கான்னு. ரெண்டு வார்த்தை பேசுவேன். அவ வர்ற நேரத்துக்கு முன்னாடியே துணியைச் சரியா மூடி வச்சிருவேன். ஒரு விரல் பட்டா ஒரு பாம்பு பயந்துக்குமா? சொல்லு.

அது சாப்பிடலை. ஒவ்வொரு தடவையும் எலி வச்ச இடத்துலயே கெடக்கும். அவ முகம் செத்துப் போயிரும். ஆனா பெட்டி மட்டும் பரண் மேல ஏறிருச்சு. அதுல எனக்கு ஒரு நிம்மதி. அவ வீட்டுல நடமாடிக்கிட்டு இருந்தா, இவன் என்னைக்காவது மனசு மாறி வர்றப்போ எல்லாம் சரியாகிரும்னு நெனச்சேன். ஆம்பளை ஒரு நேரம் புத்தி கெட்டுப் போறது உலகத்துல இல்லாததா?

அப்புறம் எங்கண்ணன் பேத்திக்குப் பழனியில கல்யாணம். அஞ்சாறு நாள் போயிட்டேன். முகூர்த்தத்தன்னைக்கு, பந்தியில உட்கார்ந்திருக்கேன், இலையில உப்பு வச்சிருக்காங்க, போன் வருது. சிந்துஜா. மூச்சு வாங்குது அவளுக்கு. "அத்தை, சாப்பிட்டுருச்சு. வாலு மட்டும்தான் வெளிய இருந்துச்சு, என் கண்ணு முன்னாடி உள்ள போச்சு. அத்தை, சாப்பிட்டுருச்சு அத்தை." எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பக்கத்து இலையில இருந்த அம்மா, பேரனா பேத்தியான்னு கேட்டாங்க. பேத்தின்னு சொல்லிட்டேன். பாயசம் இன்னொரு கரண்டி போடச் சொன்னாங்க எனக்கு.

அந்தப் பாயசம் உள்ள போகப் போகத்தான் நெனப்பு வந்துச்சு. சாப்பிட்டதும் நீ போன்னு சொன்னவ நான்தானே. அன்னைக்குச் சாயங்காலமே பஸ் ஏறிட்டேன். எங்கண்ணி கோவிச்சுக்கிட்டாங்க. வழி பூராவும் ஒரே யோசனை. வீட்டு வாசலுக்கு வந்து பார்க்கறேன், அவ செருப்பு கெடக்கு. அந்தச் செருப்பைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, அதை உன்கிட்ட எப்படிச் சொல்றது.

அவ போகலை. நானும் கேட்கலை. "இன்னும் ரெண்டு மூணு தடவை சாப்பிடட்டும் அத்தை, அப்பத்தான் நம்பலாம்"னு அவளாவே சொன்னா. ரெண்டு மூணு ஆச்சு, அதுக்கு மேலயும் ஆச்சு. அவ போறதைப் பத்திப் பேசவே இல்லை.

அந்தக் கொஞ்ச மாசம் என் வீடு வீடா இருந்துச்சு, அம்மிணி. வியாழக்கிழமை வியாழக்கிழமை முறுக்குக்குச் சாப்பாடு. அவ வர்றதுக்குள்ள நானே எலியை எடுத்து சுடுதண்ணியில போட்டு வச்சிருவேன். குழந்தைக்குப் பால் சூடு பார்க்கற மாதிரி மணிக்கட்டுல வச்சுப் பார்ப்பேன். வாந்தி வந்த அதே நான்தான். அவ உள்ள வச்சுட்டு வந்து ஹால்ல உட்காருவா. டிவி போட மாட்டோம், அதிருமாம். நான் அவ தலைக்கு எண்ணெய் வைப்பேன். இடுப்பு வரைக்கும் முடி அவளுக்கு. சின்னப் புள்ளையில அம்மா இல்லாம வளர்ந்தது, அப்பா பின்னல் போடத் தெரியாம ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பினது, எல்லாம் சொல்லுவா. மெதுவாப் போய் எட்டிப் பார்த்துட்டு, கதவுகிட்ட நின்னு தலையை ஆட்டுவா. சாப்பிட்டுருச்சுன்னு அர்த்தம். அப்புறம்தான் நாங்க சாப்பிடுவோம். அவளும் நல்லாச் சாப்பிட ஆரம்பிச்சா. கன்னத்துல சதை வச்சுது.

அவன் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மத்தியானம் எனக்கு வீடியோல வருவான். அவ ரூமுக்குள்ள போயிருவா. நான் பேசுவேன். பெத்த பையன்கிட்டப் பேசாம எப்படி? அவ ஒரு நாளும் பேசாதீங்கன்னு சொன்னதில்லை. அதையும் சொல்லணும்.

ஒரு ஞாயித்துக்கிழமை. நான் ஹால்ல பேசிக்கிட்டிருக்கேன். திடீர்னு அவன் பக்கத்துல அந்தப் பொண்ணு வந்து நிக்குது. கும்புடு போட்டு, "வணக்கம் ஆன்ட்டி"ன்னுது. என்ன பேசறது? முகத்துக்கு நேரா நிக்குது. ஒரு மனுசரைப் பார்த்தா நாம என்ன கேப்போம்? "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டேன். "சாப்பிட்டேன் ஆன்ட்டி, நீங்க?"ன்னுது. "இனிமேத்தான்"னேன். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. கட் பண்ணிட்டேன்.

திரும்பிப் பார்க்கறேன், சிந்துஜா ரூம் வாசல்ல நிக்கறா. கையில முறுக்கோட தண்ணிக் கிண்ணம். தண்ணி மாத்தறதுக்கு வந்திருப்பா போல. நின்னா. அப்புறம் சமையல்கட்டுக்குப் போய்க் கிண்ணத்தைக் கழுவுனா, தண்ணி புடிச்சா, உள்ள வச்சா. முகத்துல ஒண்ணும் தெரியலை. அன்னைக்கு மத்தியானம் சாப்பிடலை. பசிக்கலைன்னா. ராத்திரியும் பசிக்கலைன்னா.

மறுநாள் காலைல என் காலைத் தூக்கி மடியில வச்சு, எப்பவும் போலப் பயிற்சி கொடுத்தா. முடிச்சுட்டுக் காலை மெதுவா இறக்கி வச்சுட்டுச் சொன்னா. "அத்தை, அவளைச் சாப்பிட்டியான்னு கேட்டீங்க."

அது மட்டும்தான். நான், "கண்ணு, வாய்ப் பழக்கத்துல கேட்டது, எதிரியைக் கூடத்தானே கேப்போம்"னேன். அவ, "தெரியும் அத்தை"ன்னா. கோவமில்லை. சத்தமில்லை. அந்த வாரத்துலயே கோயமுத்தூர்ல வேலை வாங்கிட்டுப் போயிட்டா. பெட்டியைப் பரண்ல இருந்து இறக்கித் தரச் சொல்லி என்கிட்டக் கேட்கக் கூட இல்லை, ஸ்டூலைப் போட்டு அவளே ஏறி எடுத்தா.

நீயே சொல்லு. சாப்பிட்டியான்னு கேட்டது ஒரு குத்தமா? இதுக்கு ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா? எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், யாருமே அது குத்தம்னு சொல்லலை. நீயும் பேச மாட்டேங்கற. சரி விடு.

முறுக்கை என்கிட்டத்தான் விட்டுட்டுப் போனா. ஹாஸ்டல்ல வச்சுக்க முடியாது, வீடு பார்த்துட்டு எடுத்துக்கறேன்னா. எனக்கு அதுல ஒரு தைரியம். நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாதன்னேன்.

அவ போன வியாழக்கிழமை எலி வச்சேன். சாப்பிடலை. அடுத்த வியாழக்கிழமையும் சாப்பிடலை. என்ன செஞ்சும் சாப்பிடலை. அவ பழைய சுடிதார் ஒண்ணு கெடந்துச்சு, அந்தத் துணியைப் போட்டு மூடினேன், வாசம் இருக்கட்டும்னு. அதுக்கும் இல்லை. தினமும் அவளுக்குப் போன் பண்ணுவேன். இன்னைக்கும் சாப்பிடலை சிந்து, இன்னைக்கும் மூஞ்சியைத் திருப்பிக்குச்சு சிந்து. அவ கேப்பா, சூடு சரியா இருக்கா, திறந்து பார்க்கறீங்களா. இல்லையேன்னுவேன். முதல்ல நல்லாப் பேசுனா. எனக்கும் அது சாக்குதான்னு வச்சுக்கயேன், பாம்பைப் பத்திச் சொல்லி முடிச்சுட்டு, ஆஸ்பத்திரி எப்படி இருக்கு, தலைக்கு எண்ணெய் வைக்கறியான்னு ரெண்டு கேள்வி கேப்பேன். அப்புறம் அப்புறம் எடுக்கறதில்லை. மெசேஜ் மட்டும் வரும். "ஓகே." "வெயிட் பண்ணுங்க." "சூடு செக் பண்ணுங்க."

மறுபடி முதுகெலும்பு தெரிய ஆரம்பிச்சுருச்சு. பரிதிகிட்டக் கேட்டேன், என்னடா பண்றதுன்னு. "யாருக்காவது குடுத்துரும்மா, பேப்பரை மாத்தித் தந்துர்றேன்"னான். அவ்வளவு ஆசையா வாங்குனவன். வேலைப் பளு, பாவம்.

போன வாரம் அவ ஒரு போட்டோ கேட்டா. அனுப்புனேன். உடனே போன். அவளாவே கூப்பிட்டா, எத்தனையோ நாளுக்கு அப்புறம். "வீடு மாறிட்டேன். ஆள் அனுப்பறேன், கொடுத்து விடுங்க, விட்டா செத்துரும்." நான், ஆளெல்லாம் வேண்டாம், நானே வர்றேன்னு அடம் புடிச்சேன். சரின்னா.

ராத்திரியே வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். பருப்புப்பொடி அரைச்சேன். நல்லெண்ணெய் ஒரு பாட்டில். காலைல முதல் பஸ்ஸு.

வீடு சின்னதா, நல்லா இருக்கு. கூட வேலை பாக்கற புள்ளையோட இருக்கா. முடியை வெட்டிட்டா, அம்மிணி. கழுத்து வரைக்கும். நான் பார்த்ததை அவளும் பார்த்தா. டப்பாவை வாங்கித் திறந்து, முறுக்கைக் கையில எடுத்தா. அது அவ மணிக்கட்டுல சுத்திக்குச்சு, பொம்பளைங்க வளையல் மாதிரி. அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. எனக்கும்தான். இந்த நேரம் நல்ல நேரம்னு நெனச்சுக்கிட்டு, "சிந்து, அவன் தீபாவளிக்கு வர்றான். நீயும் வா. நேருக்கு நேரு உட்கார்ந்து பேசுனா எல்லாம் சரியாயிரும், நான் இருக்கேன்"னு சொன்னேன். அவ முறுக்கையே பார்த்துக்கிட்டு, "டைவர்ஸ் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேங்க. அவர் உங்ககிட்டச் சொல்லலையா?"ன்னா.

சொல்லலை. மறந்திருப்பான்.

அப்பத்தான் அந்தக் கூட இருக்கற புள்ள தூங்கி எழுந்து வந்துச்சு. நைட் டூட்டி போல. என்னைப் பார்த்துட்டு, "யாருடி, அம்மாவா?"ன்னு கேட்டுச்சு. சிந்துஜா திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தா. பார்த்துட்டு, "ஊர்ல தெரிஞ்சவங்க"ன்னா.

என்ன சொல்லுவா பாவம்? அத்தைன்னு சொன்னா, அப்புறம் ஆயிரம் கேள்வி வரும். அந்தப் புள்ளைகிட்டக் கல்யாணமானதையே சொல்லலையோ என்னவோ. தெரிஞ்சவங்கதானே நான். பொய்யா? அவளை என்னை மாதிரித் தெரிஞ்சவங்க வேற யாரு?

ஆனா அப்புறம்தான் யோசிச்சுப் பார்த்தேன், காலைல போனதுல இருந்து ஒரு தடவை கூட அத்தைன்னு கூப்பிடலை. வாங்கன்னா. உட்காருங்கன்னா. தண்ணி குடிங்கன்னா. சாப்பிட்டீங்களான்னு கேட்டா. மரியாதையில ஒரு குறையும் இல்லை. தோசை ஊத்தித் தட்டுல வச்சா. எனக்கு இறங்கலை. பஸ்ஸுல ஏதோ ஒத்துக்கலைன்னு சொல்லிட்டேன். வற்புறுத்தலை அவ.

டப்பா இங்கயே இருக்கட்டும்னேன். அவகிட்ட வேற இருக்காம். கழுவித் தொடைச்சு என் கையிலயே கொடுத்துட்டா. கச்சாயமும் பொடியும் மட்டும் வாங்கிக்கிட்டா. எண்ணெய் வேண்டாம்னுட்டா.

ஆட்டோ வரைக்கும் வந்தா. அங்க நின்னுதான் சொன்னா, அந்தப் பெங்களூர்க்காரர் சொன்ன மாதிரி, "ஒரு வாரம் இதைத் தொடப் போறதில்லை, எதுவும் வைக்கப் போறதில்லை. புது இடம் பழகட்டும். அப்புறம்தான் எலி. சாப்பிட்டதும் உங்களுக்கு மெசேஜ் போடறேன். அது வரைக்கும் போன் பண்ணாதீங்க, ப்ளீஸ்." நான் சரின்னேன். முட்டிக்குப் பயிற்சி பண்றீங்களான்னு கேட்டா. பண்றேன்னு சொன்னேன். எங்க பண்றது, ஒத்தையில காலைத் தூக்கி யார் மடியில வைக்கறது? ஆட்டோக்காரன் வண்டியை எடுத்துட்டான்.

அழலை கண்ணு. ஜன்னல் காத்து. நீ கொடு, தண்ணி கொடு. போதும்.

காங்கேயம் வந்துருச்சு பாரு. பையை எடுத்துக்க, இறங்கறவங்க கூட்டம் நிறைய இருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. அவ கையில அது சாப்பிட்டுரும், எனக்குத் தெரியும். அடுத்த வாரமோ, அதுக்கு அடுத்த வாரமோ, கட்டாயம் சாப்பிட்டுரும். சாப்பிடணும்னுதான் நானும் காலைல இருந்து மாரியாத்தாளை வேண்டிக்கிட்டே வர்றேன். வேற மாதிரி நெனப்பேனா?

ஆனா அது சாப்பிட்டுருச்சுன்னா, அப்புறம் நான் என்ன சொல்லி அம்மிணி அவளுக்குப் போன் பண்றது?